பத்தொன்பது வீட்டுச் சாவி

ஐந்தருவி ரோடு, குற்றாலம்
மே 6

அண்ணனுக்கு,

சுகந்தி எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. உள்ளே இன்னொரு காகிதம் இருக்கிறது. அதைக் கிழித்தால் பத்தொன்பது குடும்பத்துப் பாவம் உன்னைச் சேரும்.

அப்பா போய் ரெண்டு வருஷம் ஆகப் போகிறது. பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்தி முடியும் முன்னாலேயே, எம்.எல்.ஏ. மேடத்துக்கு ஒரு கல்யாண வீடு இருக்கிறது என்று நீ காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாய். "டிரைவர் வேலைக்குப் போனியா, அடிமை வேலைக்குப் போனியா?" என்று சொந்தபந்தம் எல்லாருக்கும் கேட்க நான் கேட்டேன். "இனிமே உன் வாசல்ல கால் வைக்க மாட்டேன் பாத்துக்கோ" என்றாய் நீ. நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டாய், நானும் கூப்பிடவில்லை, பெரிய அரிச்சந்திரன் வம்சம்.

போன் பண்ணலாமே என்று நீ நினைக்கலாம். முன்னே ஒரு தடவை பண்ணினபோது உன் போன் கார் ஸ்பீக்கரோடு சேர்ந்துகொண்டு, நான் திட்டினதெல்லாம் பின்சீட்டில் இருந்த மேடத்துக்குக் கேட்டுவிட்டது. இங்கேயும் என்னால் சத்தமாகப் பேச முடியாது. எங்கள் வீட்டு ஓனர் சண்முகநாதன் அண்ணாச்சியின் ஆள் பிச்சுமணி, பக்கத்து அறையில்தான் ஆபீஸ் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நடுவில் அரைக்கல் சுவர்தான். நான் இருமினால் அவன் திரும்பி இருமுகிறான்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் லைன் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். வைகாசி கடைசி வெள்ளிக்கிழமை பத்தொன்பது வீட்டுக்காரர்களும் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் சாவியை வைத்து அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வெளியே போவோம். சீசன் மூன்று மாசமும் அவர் வீடுகளை டூரிஸ்டுகளுக்கு நாள் வாடகைக்கு விடுவார். ஆவணி முடிய வந்து சாவியை வாங்கி, பால் காய்ச்சிக் குடியேறுவோம். வருஷா வருஷம் கிரகப்பிரவேசம் பண்ணுகிற வாடகைக் குடித்தனம் உலகத்திலேயே நாங்கள்தான். இதற்காக மற்ற மாசங்களில் வாடகை கொஞ்சம் குறைவு. சீசனில்தான் எங்களுக்குப் பிழைப்பு. உன் மாப்பிள்ளைக்குப் பரோட்டாக் கடையில் அப்போதுதான் கை நிறைய வேலை, எனக்கு ரம்புட்டான், மங்குஸ்தான் வியாபாரம். அந்த நேரம் பார்த்து வீடு இருக்காது. அவர் கடையிலேயே படுத்துக்கொள்வார். நானும் உன் மருமகள் மாரிச்செல்வியும் வாசுதேவநல்லூரில் மாமியார் வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து போவோம். பத்து வருஷமாக இப்படித்தான்.

இந்த வருஷம் சாவியைக் கொடுத்தால் திரும்பக் கிடைக்காது என்று பேசிக்கொள்கிறார்கள். லைனை இடித்துக் காட்டேஜ் கட்டப் போகிறாராம். எழுத்தில் ஒன்றும் இல்லை. யாரிடமும் வாடகைப் பத்திரம் கிடையாது. மாரிச்செல்வி இந்த வருஷம் பத்தாவது. எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. சும்மா சொல்லவில்லை, சோறு இறங்கவில்லை.

பத்தொன்பது வீட்டிலும் கையெழுத்து வாங்கி மனு எழுதினேன். போன திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் கொடுத்தோம். மனு வாங்கினவர் நல்ல மனுஷன். "சீசனுக்கு வெளியே போறத காலி பண்ணினதா எடுத்துக்கக் கூடாதுன்னு நீங்க கேக்கதெல்லாம் சட்டம் போடுற இடத்துல கேக்கணும்மா, ஒங்க எம்.எல்.ஏ.வப் பாருங்க" என்றார். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். மேடம் சட்டசபையில் எழுந்து பேச வேண்டும். பத்திரம் இல்லாத குடித்தனக்காரனையும் காரணம் சொல்லாமல், அவகாசம் கொடுக்காமல் வெளியே தள்ளக் கூடாது. அப்படித் தள்ளப்பட்டவர்களுக்கு வேறு வீடு பார்க்கிற வரைக்கும் அரசாங்கம் வாடகைக்கு உதவ வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம்.

மேடத்துக்கு அனுப்புகிற மனுவைத் திரும்ப எழுதி, மறுபடியும் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினேன். அதில் மட்டும் ஒரு வரி கூடச் சேர்த்திருக்கிறேன்: "ஆண்டுதோறும் நாங்களே மனமுவந்து வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்து, உரிமையாளருக்கு ஒத்துழைத்து வருகிறோம்." படிக்கிற மேடம் நம்மைச் சண்டைக்காரர்கள் என்று நினைத்துவிடக் கூடாது இல்லையா?

நீ இதை மேடத்தின் கையில் கொடு. மேஜையில் வைக்காதே, கையில் கொடு. பதிலை எங்கள் லைனில் இருக்கிற அஃப்ரினின் டெய்லர் கடை விலாசத்துக்குப் போடு. லைனுக்கு வருகிற தபாலை எல்லாம் பிச்சுமணிதான் வாங்கி வைக்கிறான்.

சுகந்தி


சென்னை
மே 12

தங்கச்சி சுகந்திக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். மனுவைத் துணிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன், மடிப்புக் கலையவில்லை.

நீ கேட்பது நியாயம்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நீ நினைக்கிற மாதிரி, காரில் போகும்போது பின்னால் திரும்பி, "மேடம், இந்தாங்க" என்று நீட்டுகிற விஷயம் இல்லை இது. பதினோரு வருஷமாக ஓட்டுகிறேன். நான் பேசுவது "சரிங்க மேடம்", "வந்துட்டோம் மேடம்" ரெண்டும்தான். மேடம் நல்லவர். ஆனால் அவரைச் சுற்றி ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் காதும் இருக்கிறது.

இன்னொன்றை நீ மறந்துவிட்டாய். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதே சண்முகநாதன் அண்ணாச்சிதான். தேர்தல் நேரத்தில் மேடத்துக்கு வேண்டியதெல்லாம் அவர்தான் பார்த்தார். மாசம் ஒரு தடவை இங்கே வருவார். வரும்போது பழக்கூடை கொண்டுவருவார், எனக்கும் நாலு பழம் கொடுத்து, "என்னலே வீரபாகு, சாப்பிட்டியா?" என்று கேட்பார். அவரைப் பற்றிய மனுவை நான் எப்படிக் கொடுப்பேன்? யோசித்துப் பார்.

சட்டசபை ஜூன் இருபதுக்கு மேல்தான் கூடும் என்று சொல்கிறார்கள். அதற்குள் பொறுத்து, நேரம் பார்த்துச் செய்யலாம். நீ அவசரப்பட்டு ஊரைக் கூட்டாதே. போர்டு எழுதிக்கொண்டு ரோட்டில் நிற்காதே. உனக்கு வாய் முந்தும் என்று உலகத்துக்கே தெரியும்.

அந்தப் பதினாறாம் நாள் பேச்சை நீ எடுத்திருக்க வேண்டாம். காரை எடுத்த பிறகு ஆலங்குளம் வரைக்கும் என் கண்ணில் ரோடு தெரியவில்லை. அது உனக்குத் தெரியாது.

மாப்பிள்ளை மணிமுத்துவைக் கேட்டதாகச் சொல். மருமகளைப் படிக்கச் சொல்.

வீரபாகு


குற்றாலம்
மே 17

அண்ணனுக்கு,

நாலு பழம் கொடுத்தாராமே! நானும் தினம் நூறு பேருக்குப் பழம் கொடுக்கிறேன், எவனும் எனக்கு அடங்கி நடக்கவில்லை.

நேரம் பார்த்துச் செய்யலாம் என்று எழுதியிருக்கிறாய். வைகாசி கடைசி வெள்ளி ஜூன் பதினாலு. சட்டசபை கூடுவது அதற்குப் பிறகு. சாவி போன பிறகு யாருக்காகப் பேசுவார்கள்? மேடம் கூட்டத்துக்கு முன்னாலேயே ஒரு போன் போட்டு, "இந்த வருஷம் யாரையும் காலி செய்ய வேண்டாம், சபையில் கேட்டிருக்கிறேன்" என்று அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதற்குத்தான் நீ அவசரப்பட வேண்டும்.

நேற்று பிச்சுமணி டேப்பைக் கொண்டுவந்து வீடு வீடாக அளந்தான். கதவு திறந்திருந்தது, கேட்காமல் உள்ளே வந்துவிட்டான். மாரிச்செல்வி தலை துவட்டிக்கொண்டிருந்தாள். "என்ன அண்ணாச்சி, ஒரு சத்தம் குடுத்துட்டு வரக் கூடாதா?" என்றேன். "என்னமோ ஒன் சொந்த வீடு மாதிரி பேசுத" என்று சொல்லிவிட்டு, சாமி படம் மாட்டியிருக்கிற சுவரில் பென்சிலால் கோடு போட்டான். அந்த இடத்தில் ஏசி வருமாம். கோட்டை அழிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

வேறு வீடு பார்க்கவும் போனேன். தென்காசியில் ஆறு இடம், பண்பொழியில் ரெண்டு. வாடகை கேட்பதற்கு முன்னாடி, "எந்தத் தெரு? அப்பா பேரு என்ன?" என்று கேட்கிறார்கள். செல்லப்பா மகள் என்று சொன்னதும், நேற்றுதான் ஆள் வந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். 'வீடு வாடகைக்கு' போர்டு தலைக்கு மேல் ஆடிக்கொண்டிருக்கிறது. பண்பொழியில் ஒரு அம்மா மட்டும் மோர் கொடுத்துவிட்டு இல்லை என்றாள். அவள் கொஞ்சம் நல்லவள்.

உன் மாப்பிள்ளை வாய் திறப்பதில்லை. பரோட்டா மாவைப் போட்டு அடிக்கிற அடியில்தான் அவர் கோபம் தெரிகிறது. மாரிச்செல்வி ஒரு கேள்வி கேட்டாள்: "எம்மா, ஹால்டிக்கெட்டுக்கு விலாசம் கேட்டா என்னத்த எழுத?" நான் பாத்திரம் விளக்கப் போய்விட்டேன்.

ஆலங்குளம் வரைக்கும் ரோடு தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் அப்படி ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?

கொடுத்துவிடு அண்ணா. உன் காலில் விழுகிறேன் என்று எழுதத் தோன்றுகிறது, ஆனால் எழுத மாட்டேன்.

சுகந்தி


சென்னை
மே 23

சுகந்திக்கு,

இனி கவலைப்படாதே. உன் மனுவைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சேர்த்துவிட்டேன். படித்தார்கள். என் எதிரிலேயே முழுசும் படித்தார்கள். முகத்தில் கோபம் எதுவும் இல்லை, டீ குடிக்கிறாயா என்றுகூட என்னைக் கேட்டார்கள். நல்லபடியாக முடியும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

எந்தக் காரியத்தையும் இப்படித்தான் சத்தமில்லாமல் செய்ய வேண்டும். உனக்கு அது வராது, எனக்கு வரும். மருமகளிடம் விலாசத்தைத் தைரியமாக எழுதச் சொல்.

வேறு யாரிடமும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

வீரபாகு


குற்றாலம்
மே 30

வீரபாகுவுக்கு,

வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. பத்தொன்பது வீட்டுக்கும் பத்தொன்பது கவர். பிச்சுமணி தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கினான்.

அதிலே எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன், படி: "ஆண்டுதோறும் தாங்களே மனமுவந்து வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைத்து வருவதாகத் தாங்களே கையொப்பமிட்டு எழுதியுள்ளபடியால், தங்களுக்கும் மேற்படி கட்டடத்துக்கும் தொடர்ச்சியான வாடகை உறவு ஏதும் இல்லை. ஜூன் 14க்குள் சாவியை ஒப்படைக்கவும். இவ்வாண்டு மறுகுடியேற்றம் கிடையாது."

மனமுவந்து என்கிற வார்த்தை என் வார்த்தை. இந்த வரி கலெக்டர் ஆபீசில் கொடுத்த மனுவில் கிடையாது. ராத்திரி உட்கார்ந்து, மேடம் படிப்பதற்காக, உனக்கு அனுப்பினதில் மட்டும் எழுதினேன். அது அண்ணாச்சியின் வக்கீலுக்கு எப்படிப் போனது? நீ யாரிடம் டீ குடித்தாய்?

இப்போது லைனில் என் நிலைமை என்ன தெரியுமா? தண்ணீர் பிடிக்கப் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. "எல்லாரையும் நம்பவச்சிக் கையெழுத்து வாங்கி, இவளே எல்லார் தலையிலயும் மண்ணை அள்ளிப் போட்டுட்டா" என்று கடைசி வீட்டு முப்பிடாதியம்மாள் என் காதில் விழுகிற மாதிரியே சொல்கிறாள். நான் என்ன சொல்வேன்? மரியாதைக்கு எழுதினேன் என்றா? பத்து வருஷமாகத் தட்டில் வெற்றிலை வைத்துச் சாவி கொடுத்ததும் மரியாதைக்குத்தான். கொடுக்காமல் பூட்டிக்கொண்டு போயிருந்தால்கூட ஒரு பிடி இருந்திருக்கும் என்று தென்காசி வக்கீல் ஒருவர் சொல்கிறார்.

ஆறு குடும்பம் நோட்டீஸைப் பார்த்ததுமே பயந்து கிளம்பிவிட்டது. ஒரு வீட்டில் சாவி கொடுத்த மறுநாளே கதவு நிலையைப் பிடுங்கிவிட்டார்கள். கதவில்லாத வாசல் வழியாக அந்த வீட்டு அடுப்பங்கரை தெருவுக்குத் தெரிகிறது. மாரிச்செல்வி அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறாள்.

அண்ணா என்று மேலே எழுதவில்லை, கவனித்தாயா? எனக்கு உண்மையைச் சொல். பயத்தைவிட, இப்படித் தெரியாமல் இருப்பதுதான் என்னைத் தின்கிறது.

சுகந்தி


சென்னை
ஜூன் 4

சுகந்தி,

அண்ணாச்சியிடம்தான் டீ குடித்தேன்.

அன்றைக்கு அவர் மேடத்தைப் பார்க்க வந்திருந்தார். வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருந்தார். மேடத்திடம் போய்ப் பெரிசாக்குவதைவிட, இவரிடமே தன்மையாகச் சொன்னால் மனம் இளகிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. "அண்ணாச்சி, நம்ம பிள்ளையதான், ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லிருங்க" என்று மனுவை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். "யாருலே எழுதினது? எழுத்து முத்து முத்தா இருக்கே" என்றார். என் தங்கச்சி என்று சொன்னேன். பெருமையாகச் சொன்னேன் சுகந்தி. அவர் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். "நான் யாரையும் வெளிய தள்ளலலே. அவுகளாப் போறாக, அவுகளா வாறாக. நல்லபடியா முடிச்சிருவோம்" என்றார். நான் அதை நம்பினேன்.

இல்லை, அதுவும் பொய். நம்ப ஆசைப்பட்டேன். மேடத்திடம் கொடுக்கப் பயந்தேன், அவரிடம் கொடுத்தால் கொடுத்த மாதிரியும் ஆகும், வேலையும் தப்பும் என்று கணக்குப் போட்டேன். நீ பதினாறாம் நாள் கேட்ட கேள்விக்கு நானே போய் விடை எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த வரியை நீ எழுதினதில் தப்பில்லை. தப்பு எழுத்தில் இல்லை, நான் கொடுத்த ஆளில் இருந்தது. முப்பிடாதியம்மாளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. எல்லாரிடமும் காட்டு. என் பேரைச் சொல், நீ ஏன் சுமக்கிறாய்?

மனு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. மேடம் கோயம்புத்தூர் போயிருக்கிறார், கார் அவரோடு போகவில்லை. எப்போது வருவார் என்று தெரியவில்லை. இனி நான் எதையும் செய்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். செய்த பிறகு எழுதுகிறேன்.

வீரபாகு


குற்றாலம்
ஜூன் 17

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. உன்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும் ஊரார் உன்னை ஏசுவதை என்னால் கேட்க முடியாது.

வெள்ளிக்கிழமை முடிந்தது. அண்ணாச்சி வெள்ளை வேட்டியோடு நாற்காலி போட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எப்போதும் போலக் கற்கண்டுத் தட்டுகூட வைத்திருந்தார்கள். ஒன்பது வீட்டுக்காரர்கள் வரிசையில் நின்று தட்டை நீட்டினார்கள். ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. முப்பிடாதியம்மாள் சாவியை வைத்துவிட்டு, "ஆவணியில வரலாமா அண்ணாச்சி?" என்று ஒரு சொல் கேட்டாள். அவர் கற்கண்டை எடுத்துக் கொடுத்தார்.

என் முறை வந்தது. தட்டும் வெற்றிலையும் கையில் இருந்தது. கொடுக்கக் கூடாது என்று தீர்மானித்துப் போகவில்லை அண்ணா. போய் நின்றபோது சாவியை இடுப்பிலிருந்து எடுக்க என் கை வரவில்லை. "இந்த வருசம் வெத்தலை மட்டுந்தான் அண்ணாச்சி" என்றேன். அவர் சிரித்தார். "படிச்ச பிள்ளைல்லா, யோசிச்சிச் சொல்லு" என்றார். எனக்குப் பின்னாலிருந்த மூன்று பேரும் அப்படியே திரும்பிவிட்டார்கள். அதில் அஃப்ரினும் உண்டு. ஆக மிச்சம் நாலு வீடு.

சனிக்கிழமை கரண்டை நிறுத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் பழுது என்று தண்ணீரும் நின்றது. சாரல் பிடித்துவிட்டது. அருவியில் கூட்டம், ரோடெல்லாம் டூரிஸ்ட் வேன், எங்கள் லைனில் மட்டும் இருட்டு. வண்டிக்குப் பழம் எடுக்கப் போகவே பயமாக இருக்கிறது. நான் வெளியே போன நேரம் பூட்டை மாற்றிவிட்டால்? உன் மாப்பிள்ளையும் நானும் முறை வைத்து வீட்டில் இருக்கிறோம், அதனால் ரெண்டு பிழைப்பும் பாதியாகிவிட்டது.

ராத்திரியில் யாரோ கதவைத் தட்டுகிறார்கள். போய்ப் பார்த்தால் ஆள் இருப்பதில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டுகிறார்கள். பகலிலும் தட்டுகிறார்கள். மாரிச்செல்வி புத்தகத்தோடு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். பதினைந்து வயசுப் பிள்ளை. "அங்கன என்னட்டி செய்த, வெளிய வா" என்றால், "இங்கனயே படிக்கேம்மா" என்கிறாள். வீட்டுக்குள்ளேயே ஒரு வீடு தேடிக்கொண்டாள்.

எதற்காக நிற்கிறேன் என்று எனக்கே சில நேரம் விளங்கவில்லை. போக இடமில்லை, அதனால் நிற்கிறேன். தைரியம் எல்லாம் ஒன்றும் கிடையாது.

சுகந்தி


சென்னை
ஜூன் 28

தங்கச்சி சுகந்திக்கு,

செய்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

மேடம் இருபத்து நாலாம் தேதிதான் காரில் ஏறினார். சபைக்குப் போகிற வழியில், மேடம் சொல்லாமலே நான் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பதினோரு வருஷத்தில் அப்படி நிறுத்தினது அதுதான் முதல் தடவை. "என்னாச்சு வீரபாகு, டயரா?" என்று கேட்டார். மனுவை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். உன் கடைசிக் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அதற்கு நீ என்னை மன்னிக்க வேண்டும். மனுவை இரண்டு நிமிஷத்தில் படித்தார். உன் கடிதத்தைத்தான் ரொம்ப நேரம் படித்தார்.

"இது மே மாசத் தேதி போட்டிருக்கு. ஏன் இத்தனை நாள் குடுக்கல?" என்று கேட்டார். "பயம் மேடம்" என்றேன். "என்கிட்டயா?" என்றார். "எல்லார்கிட்டயும் மேடம்" என்றேன். அண்ணாச்சியிடம் காட்டினதையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. யார்மேல் கோபம் என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அந்த வரியில் விரலை வைத்து, "இத ஏன் எழுதினாங்க?" என்றார். "மரியாதைக்கு மேடம்" என்றேன். ரெண்டையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொன்னார்.

மறுநாள் சபையில் பேசினார். டிரைவர்கள் நிற்கிற இடத்தில் ஒருவன் போனில் ஓடிக்கொண்டிருந்தது, அதில் கேட்டேன். நாலு நிமிஷம். குற்றாலம் என்று ஊர்ப் பேரைச் சொன்னார், அண்ணாச்சி பேரைச் சொல்லவில்லை. "சீசனுக்காக வெளியே போகிறவர்கள் வீட்டைத் துறந்தவர்கள் ஆக மாட்டார்கள். பத்திரம் இல்லை என்பதற்காக ஒரு குடும்பத்தைக் கரண்டை நிறுத்தி விரட்டுவதைச் சட்டம் வேடிக்கை பார்க்கக் கூடாது. இப்படி வெளியேற்றப்படுபவர்களுக்கு வாடகை உதவி தர அரசு முன்வர வேண்டும்" என்றார். யாரோ மேஜையைத் தட்டினார்கள். ஆய்வு செய்யப்படும் என்று அமைச்சர் பதில் சொன்னார். அவ்வளவுதான். சட்டம் ஒன்றும் வந்துவிடவில்லை, எப்போது வரும் என்றும் தெரியாது. பொய் நம்பிக்கை கொடுக்க மாட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலமே மேடத்தின் கணவர் என்னைக் கூப்பிட்டார். அண்ணாச்சி போன் பண்ணியிருக்கிறார். "கொஞ்ச நாள் ஊர்ல போய் இரு வீரபாகு, கூப்பிடறோம்" என்றார். கார் சாவியைக் கொடுத்துவிட்டேன். மேடம் உள்ளேதான் இருந்தார், வெளியே வரவில்லை. அவருக்கும் யாரிடமாவது பயம் இருக்கும் போல.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்குக் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைதான் கண்ணில் நிற்கிறாள். நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போனால் வீட்டில் இருக்க ஒரு ஆள் வேண்டும் இல்லையா? எனக்கு இப்போது வேலை இல்லை. நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் கால் வைக்க மாட்டேன் என்று சொன்னவன் நான்தான். நீ வரச் சொன்னால் வருகிறேன்.

வீரபாகு


குற்றாலம்
ஜூலை 2

அண்ணா,

வா. இதைக் கேட்க வேறு கடிதம் போட்டாயாக்கும்!

மேடம் பேசின துண்டு வீடியோ இங்கே எல்லார் போனிலும் ஓடுகிறது. முப்பிடாதியம்மாள் தென்காசி பஸ்ஸில் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தாசில்தார் ஆபீசிலிருந்து ரெண்டு பேர் வந்து, நாலு வீட்டிலும் எழுதிக்கொண்டு போனார்கள். அன்றைக்கே கரண்ட் வந்தது. பிச்சுமணி ரெண்டு நாளாக ஆபீஸைத் திறக்கவில்லை. அவன் இருந்தபோது இருமலாவது கேட்கும். இப்போது என்ன செய்கிறான் என்று தெரியாமல் இன்னும் பயமாக இருக்கிறது. நாளைக்கு நடப்பது எனக்குத் தெரியாது. இன்றைக்கு வீடு இருக்கிறது.

என் கடிதத்தை மேடத்திடம் கொடுத்ததற்கு உன்னை ஏச வேண்டும். வந்ததும் ஏசுகிறேன்.

தென்காசியில் இறங்கி ஐந்தருவி பஸ் ஏறு. சீசன் கூட்டம், ஜன்னல் சீட்டு கிடைக்காது, நின்றுகொண்டே வா. ஒன்றே ஒன்று. வந்ததும் கதவைத் தட்டிவிடாதே. எவன் தட்டினாலும் பிள்ளை கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள், நானும் அரிவாள்மனையைக் கையில் எடுத்துவிடுகிறேன். தெருவில் நின்று, எல்லார் வீட்டுக்கும் கேட்கிற மாதிரி, "ஏட்டி சுகந்தி, அண்ணன் வந்திருக்கேன்" என்று சத்தமாகக் கூப்பிடு. நான் வந்து திறக்கிறேன்.

சுகந்தி